மலோபாலிக்கு வந்த மரியாதை

எங்கள் அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்தவனுக்கு மலோபாலி என்று பேர் வைத்தார்கள். வெட்கம் கெட்டவன் என்று பொருள். இப்படி ஒரு பேர் உள்ளவனைக் கூட்டிக்கொண்டு போகச் சாவுகூடக் கூச்சப்படும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை பொய்க்கவில்லை. அண்ணன் பிழைத்தான். அவனுக்குப் பின்னால் வந்த நானும், இந்த நியேலேயும், பிழைத்துக்கொண்டேன்.

பேருக்கேற்ற வாய் அவனுக்கு. செகு ஊரில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் மலோபாலி ஜாராவின் மாவு மில் என்றால் தெரியாதவர்கள் இல்லை. கம்பும் சோளமும் அரைக்க வரும் பெண்களை அவன் சும்மா அனுப்பியதே கிடையாது. இது கம்பா, இல்லை மாமியார் மேல் எறிய வைத்திருந்த கல்லா என்பான். மில்லின் பட்டை ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எந்தத் தானியம் விழுகிறது என்று சொல்லிவிடுவான். சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கரி அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவான். பச்சைத் தேயிலை, சின்னக் கெட்டில், சின்னக் கண்ணாடித் தம்ளர், மூன்று சுற்று. அந்தக் கெட்டிலை வேறொரு ஆண் தொட்டால் கையைத் தட்டிவிடுவான்.

அந்த மரத்தடியில் கூடுகிற ஆண்களில் அவனுக்கு நேர் எதிரில் உட்காருகிறவன் சேமோகோ த்ராவோரே. சாலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். ஜாரா குலத்தாருக்கும் த்ராவோரே குலத்தாருக்கும் கேலி உறவு. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டாமல் போனால்தான் குற்றம். பயறு தின்னி, அடிமை என்பவைதான் வாடிக்கையான வசவுகள். சாவு வீட்டில்கூட த்ராவோரே வந்து வாசலை மறித்துக்கொண்டு, எங்கள் பயறு தின்னியை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று சண்டைக்கு நிற்பான். அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். இதில் கோபம் மட்டும் வரக் கூடாது. ஒருவன் கையால் இன்னொருவனுக்கு ரத்தம் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

அதனால் சேமோகோ தினமும் காலையில் எங்கள் அண்ணனை வாடா பயறு தின்னி என்றுதான் எழுப்புவான். என் வீட்டு அடிமைக்கு விடிஞ்சதுமே வாய் நீளுது பார் என்று அண்ணன் பதில் சொல்வான். என் அண்ணி சிதானை சேமோகோ கூப்பிடுவதே என் பொண்டாட்டி என்றுதான். அண்ணி அவன் மேல் கழுநீரைக் கொட்டுவாள். இப்படியே முடி நரைத்தது இரண்டு பேருக்கும்.

வடக்கிலிருந்து தூசிக்காற்று வீசத் தொடங்கிய நாட்களில் அண்ணன் மில்லுக்குள்ளேயே விழுந்தான். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்களாம். நான் அப்போது என் மகளின் பிரசவத்துக்காக மர்காலாவில் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பி, ஒரு வாரமும் கழிந்த பிறகுதான் என்னால் வர முடிந்தது.

வந்து பார்த்தால் வீடே சரியில்லை. அண்ணன் நன்றாகத்தான் பேசினான். இடது கை மட்டும் தொங்கியது, வாய் சற்றுக் கோணியிருந்தது. அதைச் சொல்லவில்லை நான். என்னைப் பார்த்து, பேத்தி பிறந்தாளா என்று கேட்டான். பிறந்தாள் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டான். ஆளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றால், வீட்டுக்கும் ஏதோ ஆகியிருந்தது. அண்ணி என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். எல்லோருக்கும் நடுவில் ஒரே பெரிய கிண்ணத்தில் களி, மேலே கீரைக் குழம்பு, கறித்துண்டுகள். அண்ணன் தனக்கு முன்னால் வலப்பக்கம் இருந்ததை மட்டும் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். பிறகு எழுந்துபோன அண்ணியைக் காட்டி என் காதில் மெதுவாகச் சொன்னான்.

"கறிய எனக்கு வைக்க மாட்டேங்குறா. யாருக்கோ எடுத்து ஒதுக்குறா. நீயாவது கவனி."

அவன் முன்னாலேயே, கொஞ்சம் இடப்பக்கமாக, நான்கு துண்டு கறி கிடந்தது. கிடக்கிறதே அண்ணே என்று கிண்ணத்தைத் திருப்பினேன். அவன் கறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நீயும் அவளோடு சேர்ந்துவிட்டாயா என்கிற பார்வை அது.

மறுநாள் அய்சத்தா மைகா வந்தாள். காவோ ஊர்ப் பக்கத்துப் பெண். விழுந்தவர்களுக்கு ஞாபகத்தையும் யோசனையையும் பழக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாகப் போவாள். கண் கெட்டுப் போகவில்லை, மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது என்று எனக்கு விளக்கினாள். அதனால்தான் கறி காணாமல் போகிறது, தம்ளர் திருட்டுப் போகிறது. செய்ததும் மனதில் நிற்பதில்லை. டீயில் சர்க்கரை போட்டதை மறந்து மறுபடி போடுகிறான், பிறகு யாரோ வேண்டுமென்றே போட்டுவிட்டார்கள் என்கிறான்.

"பொய் சொல்றாருன்னு நினைக்காதீங்கம்மா. நடுவுல இருக்கிற ஓட்டைய மூளை எதையாவது வெச்சு அடைக்கும். அவர் கையில கிடைக்கிறது சந்தேகம், அத வெச்சு அடைக்கிறார். இந்த மாசங்கள்லதான் நல்லாப் பழகும். இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அவள் கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் அவளுக்கு மசியவில்லை. கோழிப் படம் போட்ட அட்டையைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்பாள். அவள் போன பிறகு அவன் என்னைக் கூப்பிட்டு, "எதுக்கு எனக்குக் கோழியக் காட்டுறா? பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டு மில்ல யாருக்கோ மாத்தப் போறாங்க" என்பான். யாருக்கு என்று கேட்டேன். யாருக்குமில்லை என்று வாயை மூடிக்கொண்டான்.

யாருக்கு என்பது சாயங்காலம் எனக்கே தெரிந்தது. மில்லை இப்போது சேமோகோதான் ஓட்டுகிறான். பொழுது சாய்ந்ததும் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாடா பயறு தின்னி என்று கத்துவான், அண்ணன் முகம் மலரும் என்று காத்திருந்தேன். சேமோகோ செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, அண்ணனுக்கு இடப்பக்கமாக வந்து நின்று, "நல்லாருக்கீங்களா அண்ணே? ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்களா? தன்னைவிட இளையவனுக்கு அண்ணன் பட்டமா? ஒரு த்ராவோரே ஒரு ஜாராவை நீங்க என்று கூப்பிட்டு நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அந்த வெக்கையில் கம்பளித் தொப்பியை வேறு புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். என் அண்ணியை, என் பொண்டாட்டி என்று கூப்பிடுகிறவன், தங்கச்சி என்றான். அவளும் அவனும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மடியில் கனம் இல்லாதவன் எதற்கு இப்படிக் குனிந்து நிற்கிறான்? நிற்கிற இடத்தையும் பாருங்கள், இடப்பக்கம். என் அண்ணன் கண்ணுக்கு எட்டாத பக்கம். மறுநாள் காலையில் அண்ணி ஆற்றுக்குப் போனதும், பாயைப் புரட்டி, தலையணையைப் பிரித்து, கெட்டிலுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். தாயத்து, பொடி, முடிச்சு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

சேமோகோ மட்டும் என்றால் போகட்டும். வேப்பமரத்தடிக் கூட்டம் முழுக்க அப்படித்தான் ஆகியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசி, கடவுள் குணமாக்கட்டும் என்று சொல்லி, தின்ன ஏதாவது வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கூட அவனைச் சீண்டவில்லை. அண்ணன் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"நியேலே, உண்மையச் சொல்லு. நான் சாகப்போறேன்தானே?"

அப்படி யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்ல வேணாம். த்ராவோரே எனக்கு மரியாதை குடுக்கிறான். பொணத்தக் கூட அவன் மரியாதையா நடத்துனது கிடையாது. எனக்கு என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

அன்றிலிருந்து அவன் அட்டையைப் பார்க்க மறுத்துவிட்டான். அய்சத்தா வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். சாகிறவனுக்குக் கோழி எதற்கு என்பான். அண்ணி ஊற்றிக் கொடுக்கிற கஞ்சியை, நான் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் குடிப்பான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சொன்ன மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்படியே கிடந்தால், மில் சத்தத்தை வைத்துத் தானியம் சொன்ன என் அண்ணன் திரும்பி வரவே மாட்டான். கறியைத் தேடி எல்லோரையும் திருடர் என்கிற ஒரு கிழவன்தான் மிஞ்சுவான்.

அண்ணியை அடுப்பங்கரையில் மடக்கிக் கேட்டேன். அண்ணன் எழாமல் கிடந்தால் யாருக்கு லாபம், உனக்கா அவனுக்கா என்றே கேட்டுவிட்டேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் வாய்க்குப் பயந்துதான் உன்கிட்ட எதுவும் சொல்லல நியேலே. இன்னும் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

ஆக, ஏதோ இருக்கிறது. என் மூக்கு பொய் சொல்லவில்லை. நேராக அய்சத்தாவிடம் போய், இந்த வீட்டில் அண்ணனுக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று முறையிட்டேன். நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள். விழுவதற்கு முன்பு அவர் தினமும் கையால் செய்தது என்ன, கூட இருந்தது யார்? டீ போடுவான், எதிரில் அந்த த்ராவோரே இருப்பான் என்றேன். அப்படியானால் அட்டை வேண்டாம், கெட்டிலை எடுங்கள், அந்த ஆளையும் கூப்பிடுங்கள் என்றாள். போயும் போயும் அவனையா என்று நான் முகத்தைச் சுளித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது முற்றத்தில் பாய் விரித்துக் கரி அடுப்பு வைத்தோம். டீத் தட்டின் இடது ஓரத்தில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்துவிட்டாள். தம்ளர்களை அந்தப் பக்கமே வைத்தாள். எதையாவது காணோம் என்று தோன்றினால், யார் எடுத்தது என்று கேட்பதற்கு முன்னால் சிவப்பு கண்ணில் படும் வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இதுதான் அவள் சொன்ன ஒரே விதி. கெட்டிலைக் கண்டதும் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். டீ விஷயத்தில் அவனுக்குச் சாவுகூட அப்புறம்தான்.

சேமோகோ தயங்கித் தயங்கி வந்தான். எப்போதும் நிற்கிற இடப்பக்கத்திலேயே உட்காரப் போனான். நான் தடுக்க வாயெடுத்தேன். அய்சத்தா என்னைக் கையமர்த்திவிட்டு, அங்கேயே உட்காருங்க, அவரு உங்களத் தேடிக் குடுக்கட்டும் என்றாள்.

அண்ணன் தேயிலையைக் கொட்டினான். தண்ணீர் கொதித்தது. ஒவ்வொன்றைச் செய்யும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளச் சொல்லியிருந்தாள், அதனால் சர்க்கரை போட்டாச்சு, சர்க்கரை போட்டாச்சு என்று முணுமுணுத்தான். உயரத்திலிருந்து ஊற்றி நுரை கட்டினான். ஒற்றைக் கையால்தான், ஆனாலும் கை தடுமாறவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. ஊற்றிவிட்டு நிமிர்ந்தான். முதல் தம்ளர் வயதில் மூத்தவனுக்கு, அதாவது சேமோகோவுக்கு. சேமோகோவைக் காணவில்லை அவனுக்கு.

"எங்க அவன்? போய்ட்டானா?" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். தலையைத் திருப்பினான். கெட்டில், தட்டு, தம்ளர்கள், சிவப்புத் துணி. அங்கே நிற்காமல் இன்னும் திருப்பினான். முழங்கால், கை, தோள். கரி அடுப்பின் வெக்கையில் சேமோகோ வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நெற்றியைத் துடைக்கத் தொப்பியை மேலே தள்ளினான்.

அவன் வலது புருவத்துக்கு மேலே, தலைமுடி வரைக்கும், ஒரு தழும்பு. ஆறியும் ஆறாமலும் சிவந்து கிடந்தது. நான் இதுவரை பார்க்காதது. அண்ணன் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு எதிரில் அந்த நெற்றி தினமும் வந்து போயிருக்கிறது, அவன் பார்க்காத பக்கத்தில்.

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். யாருடா உன்னை அடித்தது என்று கேட்டான். சேமோகோ தொப்பியை இழுத்துவிட்டு, இரும்பு பட்டுவிட்டது அண்ணே என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போதும் சேமோகோ அண்ணே. என் சத்தியம் என்னோட போகட்டும்" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் அடிச்சீங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை சேமோகோ அவித்த பயறு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்திருக்கிறான். என் பயறு தின்னி செத்துவிட்டானா இல்லையா, மில்லும் பொண்டாட்டியும் எனக்குத்தானே என்று வாசலிலேயே நின்று கத்தியிருக்கிறான். ஒரு த்ராவோரே நோயாளியைப் பார்க்க வேறு எப்படி வருவான்? ஆனால் அண்ணனுக்கு அன்று அவன் யார் என்றே தெரியவில்லை. கேலியும் தெரியவில்லை, உறவும் தெரியவில்லை. யாரோ ஒரு முரடன் வந்து மில்லையும் மனைவியையும் பிடுங்க நிற்கிறான் என்று உடம்பெல்லாம் நடுங்க, கையிலிருந்த டீத் தம்ளரை வீசியடித்திருக்கிறான். அரை மணி நேரத்தில் தூங்கிப்போனான். எழுந்தபோது எதுவும் நினைவில் இல்லை.

ஒரு ஜாராவின் கை த்ராவோரேயின் ரத்தத்தைப் பார்த்துவிட்டது. இது தெரிந்தால் மலோபாலி எழுந்திருக்கவே மாட்டான் என்று சேமோகோதான் அண்ணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். கேலி தாங்குகிற நிலையில் அவன் இல்லை, வாயை அடக்குங்கள் என்று மரத்தடியில் எல்லோருக்கும் சொல்லி வைத்ததும் அவனேதான். நீங்க என்பதும் அண்ணே என்பதும் அன்றைக்கு அவன் வாயில் வந்து ஒட்டிக்கொண்டவை. மறுபடி ஒரு வார்த்தை சொல்லி, மறுபடி அந்த நடுக்கத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அடுப்பில் கரி வெடித்துக்கொண்டிருந்தது. என் அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். பொய் என்பான். கறி விஷயத்தில் சொன்னான், சர்க்கரை விஷயத்தில் சொன்னான். செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டுகிறீர்கள் என்று தட்டை உதைப்பான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான், அதோடு முடிந்தது. அய்சத்தாவின் முகத்திலும் அதே பயம் இருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றி சுருங்கியது. தம்ளரைத் தேடுவது போலத் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அங்கே அவனுக்கு எதுவும் அகப்படவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கண்ணைத் திறந்து சேமோகோவின் நெற்றியைப் பார்த்தான்.

"எவ்வளவு தேடியும் எனக்கு அது கிடைக்கல சேமோகோ. உன்ன அடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல." அந்தத் தழும்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா நீ என்கிட்ட மறைச்சு வெச்சிருந்தேங்கிறப்ப அது நிஜமாத்தான் இருக்கும். நம்புறேன்."

சேமோகோ தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தான். கொஞ்ச நேரம் தொப்பிக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தான். பிறகு அண்ணனைப் பார்க்காமல் அய்சத்தாவைப் பார்த்துப் பேசினான்.

"டாக்டரம்மா, இவனுக்கு மூளை இன்னும் சரியாகல. ஒரு த்ராவோரேய ஒரு ஜாரா நம்புறானே, இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

அண்ணனின் வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது. ஆனால் சத்தம் முழுதாக வந்தது, மில் பட்டை ஓடுகிற மாதிரி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது அழுகையானது, மறுபடி சிரிப்பானது. அண்ணி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவன் தட்டிவிடவில்லை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

"டீ ஆறுது. வாய மூடிட்டுக் குடிடா அடிமை" என்று தம்ளரை நீட்டினான்.

அன்று மூன்று சுற்றும் போட்டான். மூன்றாவது சுற்றில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்துவிட்டது. யாருடைய வேலை இது என்று வழக்கம்போலத் தலையைத் தூக்கினான், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், பிறகு என்னிடம், நான்தானா என்று கேட்டான். நீதான் அண்ணே என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அய்சத்தாவை நாளைக்கும் வரச் சொன்னான்.